வானொலிப் பதிவும் இசைத்தொகுப்பும்: பீட்டில்ஸ் குழுவின் ‘லைவ் அட் தி பிபிசி’ குறித்த ஒரு பதிப்பியல் நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

பீட்டில்ஸ் இசைக்குழு 1962 முதல் 1965 வரை பிபிசி வானொலிக்காக இசைத்த பாடல்களின் ஒரு பகுதி, 1994ஆம் ஆண்டு ‘லைவ் அட் தி பிபிசி’ என்னும் இரட்டைக் குறுவட்டாக வெளிவந்தது. இத்தொகுப்பு பொதுவாகக் குழுவின் இளமைக்கால ஆற்றலை வெளிப்படுத்தும் நேரடிப் பதிவு என்றே பாராட்டப்பட்டு வருகிறது. இக்கட்டுரை அதனை ஒரு பதிப்பாகக் கொண்டு ஆராய்கிறது. இப்பதிவுகள் தோன்றக் காரணமான தொழிற்சங்க உடன்பாடு, ‘நேரடி’ என்னும் சொல்லின் பொருத்தம், மூல நாடாக்களின் இழப்பும் மீட்பும், பாடல்களைத் தேர்ந்து வரிசைப்படுத்திய முறை ஆகியவை இங்கு ஆராயப்படுகின்றன. இசை நுகர்வுக்கான தொகுப்பு என்ற அளவில் வெற்றி பெற்ற இவ்வெளியீடு, வரலாற்று ஆவணம் என்ற அளவில் ஆய்வாளரின் தனிக் கவனத்தை வேண்டி நிற்கிறது என்பது இக்கட்டுரையின் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: பீட்டில்ஸ், பிபிசி வானொலி, காப்பகப் பதிவு, கள்ளப்பதிப்பு, பதிப்பியல், ஒலி ஆவணம்.

முன்னுரை

ஓர் இலக்கியப் படைப்பின் கையெழுத்துப்படி நீண்ட காலத்திற்குப் பின் கண்டெடுக்கப்பட்டு அச்சேறும்போது, ஆய்வாளர் சில வினாக்களை எழுப்புவது மரபு. மூலப்படி எங்கிருந்து கிடைத்தது? அதில் சிதைவு உண்டா? பதிப்பாசிரியர் எதை ஏற்றார், எதை விலக்கினார்? பாடவேறுபாடுகள் காட்டப்பட்டுள்ளனவா? இவ்வினாக்கள் ஏட்டுக்கும் தாளுக்கும் மட்டும் உரியவை அல்ல. இருபதாம் நூற்றாண்டின் கலை வரலாற்றில் பெரும்பகுதி ஒலிநாடாவில் எழுதப்பட்டுள்ளது. அந்நாடாக்கள் காப்பகத்திலிருந்து வெளிவந்து விற்பனைக்கு வரும்போது, அவையும் பதிப்புகளே ஆகின்றன. எனினும் இசைத்தொகுப்புகளைப் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் இசையின் சுவையைப் பேசுவதோடு நின்றுவிடுகின்றன. பதிப்பின் இயல்பை அவை ஆராய்வதில்லை.

இக்குறையை எடுத்துக்காட்டுவதற்கு ஏற்றதொரு சான்று ‘லைவ் அட் தி பிபிசி’. 1994 நவம்பர் 30 அன்று பிரிட்டனில் வெளியிடப்பட்ட இத்தொகுப்பில் 56 பாடல்களும் 13 உரையாடல் துணுக்குகளும் உள்ளன. குழுவின் இசைத்தட்டுகளை உருவாக்கிய ஜார்ஜ் மார்ட்டின் இதன் தயாரிப்பை மேற்கொண்டார். வானொலிப் பதிவுகளைப் பல ஆண்டுகள் தேடித் தொகுத்த கெவின் ஹௌலெட் விளக்கக் குறிப்புகளை எழுதினார். பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தையும் அமெரிக்காவில் மூன்றாம் இடத்தையும் இது பெற்றது. குழு பிரிந்து கால் நூற்றாண்டை நெருங்கிய நிலையில் கிடைத்த இவ்வரவேற்பு, காப்பகப் பதிவுகளுக்குப் பெரியதொரு சந்தை உண்டு என்பதை இசை நிறுவனங்களுக்கு உணர்த்தியது.

பதிவுகள் தோன்றிய சூழல்

பீட்டில்ஸ் குழு பிபிசிக்காக இசைத்தவற்றின் அளவு வியப்புக்குரியது. 1962 மார்ச்சு முதல் 1965 சூன் வரை ஐம்பதுக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளில் 88 வெவ்வேறு பாடல்களை 275 முறை அவர்கள் இசைத்துள்ளனர் என்று கணக்கிடப்பட்டுள்ளது. இவற்றுள் 36 பாடல்கள், குழு இயங்கிய காலத்தில் அவர்களது இசைத்தட்டு எதிலும் இடம்பெறாதவை. உலகப் புகழ் பெற்ற ஒரு குழு, தான் இசைத்தட்டில் பதிவுசெய்யாத இத்தனை பாடல்களை வானொலியில் ஏன் இசைத்தது என்பதே முதல் வினா.

இதற்கான விடை கலைஞர்களின் விருப்பத்தில் மட்டும் அடங்கவில்லை. அன்றைய பிரிட்டனில் வானொலி ஒலிபரப்பு பிபிசியின் தனியுரிமையாக இருந்தது. வணிக இசைத்தட்டுகளை ஒலிபரப்புவதற்கு ‘நீடில் டைம்’ எனப்பட்ட கால வரம்பு நடைமுறையில் இருந்தது. இசைத்தட்டு நிறுவனங்களின் உரிமை அமைப்பும் இசைக்கலைஞர் தொழிற்சங்கமும் பிபிசியுடன் செய்துகொண்ட உடன்பாட்டின் விளைவு இது. 1967 வரையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் மட்டுமே தட்டுகளை ஒலிபரப்ப முடிந்தது. தட்டுகள் தடையின்றிச் சுழன்றால் இசைக்கலைஞர்களுக்கு வேலை இராது என்பது சங்கத்தின் அச்சம். எனவே எஞ்சிய நேரத்தை நிரப்ப, பிபிசி கலைஞர்களைத் தன் அரங்குகளுக்கு அழைத்துத் தனியாகப் பதிவு செய்தது.

இந்த ஏற்பாட்டிற்குள்தான் பீட்டில்ஸ் குழு நுழைந்தது. 1962 மார்ச்சு 7 அன்று மான்செஸ்டரின் பிளேஹௌஸ் அரங்கில் நடந்த பதிவு அவர்களது முதல் வானொலி நிகழ்ச்சி. அப்போது அவர்களிடம் பிரிட்டனின் பெருநிறுவனம் எதனுடனும் இசைத்தட்டு ஒப்பந்தம் இல்லை. தாளக்கலைஞராகப் பீட் பெஸ்ட் இருந்தார். அதற்கு முன் நடந்த குரல் தேர்வில், ஜான் லெனனைப் பாடகராக ஏற்கலாம் என்றும் பால் மெக்கார்ட்னியை ஏற்க வேண்டா என்றும் தேர்வாளர் குறித்து வைத்தார் என்பது வரலாற்றின் விநோதங்களுள் ஒன்று.

1963 சூன் முதல் செப்டம்பர் வரை ‘பாப் கோ தி பீட்டில்ஸ்’ என்னும் வாராந்தரத் தொடர் 15 பகுதிகளாக ஒலிபரப்பானது. ஒவ்வொரு பகுதிக்கும் பல பாடல்கள் தேவைப்பட்டன. அப்போது குழு வெளியிட்டிருந்த பாடல்களின் எண்ணிக்கையோ சிறிது. அவற்றையே வாரந்தோறும் இசைத்தால் நேயர் சலிப்புறுவர். ஆகவே லிவர்பூலின் கேவர்ன் அரங்கிலும் ஹாம்பர்க் நகர இரவு விடுதிகளிலும் அவர்கள் ஆண்டுக்கணக்கில் இசைத்துப் பழகிய அமெரிக்கப் பாடல்கள் வானொலிக்கு வந்தன. சக் பெர்ரி, லிட்டில் ரிச்சர்ட், கார்ல் பெர்கின்ஸ், ஆர்தர் அலெக்சாண்டர் முதலியோர் பாடிய பாடல்கள் இத்தொகுப்பில் நிறைந்திருப்பது இதனால்தான்.

ஆக, இப்பதிவுகள் ஒரு கலைக்குழுவின் தன்னியல்பான வெளிப்பாடு மட்டும் அல்ல. ஒரு தொழிலாளர் உடன்பாடும் ஒரு பொது ஒலிபரப்பு நிறுவனத்தின் நிகழ்ச்சித் தேவையும் கூடி ஈன்ற ஆவணம் இது. தட்டுகளை ஒலிபரப்பத் தடை இல்லாதிருந்தால், ‘சோல்ஜர் ஆஃப் லவ்’ என்னும் பாடலைப் பீட்டில்ஸ் பாடிய வடிவம் நமக்குக் கிடைத்திருக்க வாய்ப்பே இல்லை. அதனைக் குழுவின் மிகச் சிறந்த பதிவுகளுள் வைத்து எண்ணுவோர் பலர்.

‘நேரடி’ என்னும் சொல்

தொகுப்பின் தலைப்பில் உள்ள ‘லைவ்’ என்னும் சொல் இரண்டாவது வினாவை எழுப்புகிறது. இச்சொல்லைக் கேட்கும் வாசகர், மக்கள் கூட்டத்தின் முன் நிகழ்ந்த கச்சேரியையோ, இசைக்கும் கணத்திலேயே காற்றலையில் சென்ற ஒலிபரப்பையோ எண்ணுவார். உண்மையில் இப்பதிவுகளில் மிகப் பெரும்பாலானவை இவ்விரண்டும் அல்ல. அவை பார்வையாளர் இல்லாத பதிவுக்கூடத்தில் முன்கூட்டியே நாடாவில் பதியப்பட்டுப் பின்னொரு நாளில் ஒலிபரப்பானவை. 1963 மார்ச்சு 16 அன்று ‘சாட்டர்டே கிளப்’ நிகழ்ச்சியில் குழு உடனுக்குடன் ஒலிபரப்பில் இசைத்தது போன்ற நிகழ்வுகள் விதிவிலக்குகளே.

இன்னும் நுணுகி நோக்கினால், பதிவு செய்த பின் வெட்டி ஒட்டிய இடங்களும் உண்டு. ‘எ ஹார்ட் டேஸ் நைட்’ பாடல் இதற்குச் சிறந்த சான்று. அதன் இசைத்தட்டு வடிவத்தில் இடையிசையை ஜார்ஜ் ஹாரிசன் பன்னிரு தந்திக் கிடாரிலும் ஜார்ஜ் மார்ட்டின் பியானோவிலும் ஒருங்கே வாசித்தனர். அதுவும் நாடாவின் வேகத்தைக் குறைத்து வைத்துப் பதியப்பட்டது. வானொலிக் கூடத்தில் நால்வரும் அதனை அவ்வாறே மீட்டுவது அரிது. ஆகவே 1964 சூலையில் ‘டாப் கியர்’ நிகழ்ச்சிக்காகப் பதிந்தபோது, இசைத்தட்டிலிருந்தே அந்த இடையிசைப் பகுதியை எடுத்து வானொலி நாடாவில் ஒட்டிவிட்டனர். தட்டுக்கு மாற்றாக அமைந்த பதிவுக்குள்ளேயே தட்டின் ஒரு துண்டு புகுந்துகொண்டது என்பது கருதத்தக்கது.

இதனைக் குற்றமாகக் கூற வேண்டியதில்லை. ‘நேரடி’ என்னும் சொல் இங்கு எப்பொருளில் ஆளப்படுகிறது என்பதை வரையறுப்பதே திறனாய்வாளரின் கடமை. ஒரே நாளில், மிகக் குறைந்த மறுபதிவுகளோடு, ஒற்றைத் தட நாடாவில் பதியப்பட்டவை என்பதே இப்பதிவுகளின் உண்மையான தனித்தன்மை. 1963 சூலை 16 அன்று மட்டும் குழு ஏழு மணி நேரத்திற்கும் குறைவான பொழுதில் 18 பாடல்களைப் பதிந்தது. இசைத்தட்டுப் பதிவுக்கூடத்தில் கிடைத்த ஓய்வும் மறுவாய்ப்பும் வானொலியில் இல்லை. பாடல்களில் கேட்கும் விரைவும் துணிவும் இந்த நெருக்கடியின் விளைவுகள். சில இடங்களில் தந்தி தடுமாறுவதும் குரல் கம்முவதும் இதனாலேயே. எனவே ‘நேரடி’ என்பதைக் காட்டிலும் ‘வானொலி அமர்வு’ என்பதே இவற்றிற்குப் பொருந்தும் பெயராகும்.

இழந்த மூலமும் கிடைத்த படியும்

மூன்றாவது வினா மூலநாடா பற்றியது. அக்காலத்தில் ஒலிநாடா விலைமிக்க பொருள். ஒரு நிகழ்ச்சி ஒலிபரப்பான பின் அதன் நாடாவை அழித்து மீண்டும் பயன்படுத்துவது பிபிசியின் வழக்கமாக இருந்தது. பாப்பிசை நிகழ்ச்சிகள் நிலைத்த மதிப்புடையவை என்று எவரும் அன்று கருதவில்லை. இதனால் பீட்டில்ஸ் பங்கேற்ற நிகழ்ச்சிகளுள் மிகச் சிலவே நிறுவனத்தின் காப்பகத்தில் எஞ்சின.

எஞ்சியவை பல வழிகளில் வந்து சேர்ந்தன. வெளிநாட்டு வானொலி நிலையங்களுக்கு அனுப்புவதற்காகப் பிபிசியின் தனிப்பிரிவு ஒன்று வெட்டிய தட்டுகள் ஒரு வழி. நிகழ்ச்சிகளில் பணியாற்றியோர் தம் பொறுப்பில் வைத்திருந்த படிகள் மற்றொரு வழி. மூன்றாவது வழியே மிகவும் கருதத்தக்கது: தம் வீட்டு வானொலிப் பெட்டியிலிருந்து நாடாக் கருவியில் பதிந்து வைத்திருந்த எளிய நேயர்கள். முதல் நிகழ்ச்சியின் இருபதாம் ஆண்டு நிறைவையொட்டி 1982 மார்ச்சில் பிபிசி ஒலிபரப்பிய சிறப்பு நிகழ்ச்சிக்காகக் கெவின் ஹௌலெட் தேடத் தொடங்கியதிலிருந்து இம்மீட்புப் பணி வளர்ந்தது.

மூலத்தின் இவ்வேறுபாடு செவிக்கே புலப்படுகிறது. ‘ஐ ஃபீல் ஃபைன்’ தெளிவாக ஒலிக்க, 1963 சனவரியில் பதியப்பட்ட ‘கீப் யுவர் ஹேண்ட்ஸ் ஆஃப் மை பேபி’ இரைச்சலின் நடுவே மங்கலாகக் கேட்கிறது. ஒலித்தரம் தாழ்ந்திருந்தும் அப்பாடலைச் சேர்த்தது பதிப்பாசிரியரின் நல்ல முடிவு. வேறு வடிவம் இல்லாத ஒரு பாடலுக்குச் சிதைந்த படியும் மூலப்படியே. ஆனால் இதே அளவுகோல் தொகுப்பு முழுவதிலும் பின்பற்றப்படவில்லை. பீட் பெஸ்ட் தாளம் வாசித்த 1962ஆம் ஆண்டின் பதிவு ஒன்றுகூட இதில் இல்லை. ஒலித்தரத்தைக் கொண்டு பார்த்தால் அதற்குக் காரணம் கூறலாம். வரலாற்றைக் கொண்டு பார்த்தால் அது ஓர் இடைவெளியே. குழுவின் வானொலி வாழ்வு இத்தொகுப்பில் அது தொடங்கிய இடத்திலிருந்து தொடங்கவில்லை.

இங்கே கள்ளப்பதிப்புகளின் பங்கையும் கூறியாக வேண்டும். அதிகாரமுறைத் தொகுப்புக்கு முந்திய ஆண்டாகிய 1993இல், இத்தாலியின் கிரேட் டேன் நிறுவனம் பிபிசிப் பதிவுகளை ஒன்பது குறுவட்டுகளில் வெளியிட்டது. கிடைத்த அனைத்தையும் தர முயன்ற தொகுப்பு அது. உரிமையாளரின் இசைவு பெறாத அவ்வெளியீட்டை நியாயப்படுத்துவது இக்கட்டுரையின் நோக்கமன்று. எனினும் ஓர் உண்மையை மறுக்க இயலாது. அழித்தது நிறுவனம், காத்தது நேயர் கூட்டம். இந்நிலை பீட்டில்ஸுக்கு மட்டும் உரியதன்று. லெட் செப்பலின் குழு 1969இல் பிபிசிக்காக இசைத்த ‘சன்ஷைன் வுமன்’ பாடலின் நாடா அழிந்துபோக, நேயர் ஒருவர் வானொலியிலிருந்து பதிந்த படியைக் கொண்டே 2016ஆம் ஆண்டுத் தொகுப்பில் அது இடம்பெற்றது. காப்பகப் பதிவு என்று நாம் வழங்கும் பொருள் பல வேளைகளில் காப்பகத்திற்கு வெளியே வாழ்ந்த பொருளாகவே உள்ளது.

தேர்வும் வரிசையும்

நான்காவதாக, பதிப்பாசிரியரின் தேர்வு. ஒரே பாடலைக் குழு பல நிகழ்ச்சிகளில் இசைத்துள்ளது. ‘ரோல் ஓவர் பீத்தோவன்’, ‘டில் தேர் வாஸ் யூ’ போன்றவற்றிற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வானொலி வடிவங்கள் உண்டு. 1994ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒரு பாடலுக்கு ஒரு வடிவம் என்னும் கொள்கையைப் பின்பற்றுகிறது. இது சிறந்த பாடம் ஒன்றைத் தேர்ந்து வெளியிடும் முறை. கேட்போர்க்கு இது ஏற்றது. பாடவேறுபாடுகளை ஒப்பிட விரும்பும் ஆய்வாளர்க்கு இது போதாது. ஒரு குழு ஒரே பாடலை ஆறு மாத இடைவெளியில் எவ்வாறு மாற்றி இசைத்தது என்பதை அறிய இத்தொகுப்பில் வழியில்லை.

வரிசையும் காலமுறைப்படி அமையவில்லை. தொடக்கத்தில் வரும் ‘ஃப்ரம் அஸ் டு யூ’ 1964இல் பதிந்தது. அதற்குச் சில தடங்களுக்குப் பின் வரும் ‘கீப் யுவர் ஹேண்ட்ஸ் ஆஃப் மை பேபி’ அதற்கு ஓராண்டு முற்பட்டது. இறுதியில் வருவதோ குழுவின் முதல் தனித்தட்டுப் பாடலான ‘லவ் மீ டூ’. பாடல்களுக்கிடையே அறிவிப்பாளர்களுடன் நால்வரும் நகைச்சுவையாகப் பேசும் துணுக்குகள் செருகப்பட்டுள்ளன. இவ்வமைப்பினால் தொகுப்பு முழுவதும், என்றும் ஒலிபரப்பாகாத ஒரு கற்பனை வானொலி நிகழ்ச்சியின் தோற்றத்தைப் பெறுகிறது. இன்பமாகக் கேட்பதற்கு இது மிகவும் பொருத்தம். ஆனால் 1963 சனவரியில் நாடறியாதிருந்த குழுவுக்கும் 1964 இறுதியில் உலகறிந்த குழுவுக்கும் இடையிலான வளர்ச்சி இதனால் மறைகிறது.

வேறு முறையும் சாத்தியமே என்பதற்குச் சான்று உண்டு. ஜான் பீல் நிகழ்ச்சிக்காகப் பதியப்பட்ட அமர்வுகளை 1986 முதல் வெளியிட்ட ஸ்டிரேஞ்ச் ஃப்ரூட் நிறுவனம், ஓர் அமர்வில் பதிந்த பாடல்களை ஒரே தட்டில் நாளைக் குறித்து வெளியிடும் முறையை மேற்கொண்டது. அங்கே அலகு அமர்வு. இங்கே அலகு பாடல். அமர்வை அலகாகக் கொள்ளும் பதிப்பில், அன்றைய நாளின் களைப்பும் ஊக்கமும் பாடலுக்குப் பாடல் தொடர்வதைக் கேட்க முடிகிறது. பாடலை அலகாகக் கொள்ளும் பதிப்பில் அத்தொடர்ச்சி அறுந்துபோகிறது.

தொகுப்பின் சிறப்புகள்

இக்குறைகளைக் கூறுவதால் தொகுப்பின் மதிப்பு குறைந்துவிடாது. மூன்று வகையில் இது பீட்டில்ஸ் ஆய்வுக்கு இன்றியமையாதது. முதலாவது, குழுவின் இசைக் கல்வி எவ்வாறு அமைந்தது என்பதை இது காட்டுகிறது. அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களின் பாடல்கள் மட்டுமன்றி, கிரேக்க இசையமைப்பாளர் மிக்கிஸ் தியோடராக்கிஸ் திரைப்படத்திற்காக அமைத்த ‘தி ஹனிமூன் சாங்’ மெட்டையும் மெக்கார்ட்னி விரும்பிப் பாடியுள்ளார். பிற்காலத்தில் அவர் இயற்றிய மென்மையான பாடல்களின் வேர்களுள் ஒன்றை இதில் காணலாம்.

இரண்டாவது, இசைத்தட்டில் இல்லாத சொந்தப் படைப்பு ஒன்றையும் இது தருகிறது. லெனனும் மெக்கார்ட்னியும் இயற்றிய ‘ஐ’ல் பி ஆன் மை வே’ பாடலை அவர்கள் பில்லி ஜே. கிராமருக்குக் கொடுத்துவிட்டனர். 1963 ஏப்ரலில் பிபிசிக்காகப் பதிந்த வடிவமே குழுவின் குரலில் அப்பாடல் வெளிவந்த ஒரே வடிவம்.

மூன்றாவது, நன்கறிந்த பாடல்களுக்கு மாற்றுச் சான்றாக இது அமைகிறது. ‘லவ் மீ டூ’ பாடலின் முதல் நெடுந்தட்டு வடிவத்தில் தாளம் வாசித்தவர் ஆண்டி வைட் என்னும் கூடக் கலைஞர். 1963 சூலையில் பதிந்த வானொலி வடிவத்திலோ ரிங்கோ ஸ்டார் வாசிக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்போர், ஒரு குழுவின் தாளநடை எங்கிருந்து பிறக்கிறது என்பதைக் கேட்டே உணரலாம். பன்முறை திருத்தி மெருகேற்றிய இசைத்தட்டு ஒன்றே பீட்டில்ஸின் உண்மை வடிவம் என்னும் எண்ணத்தை இத்தகைய இடங்கள் அசைத்துவிடுகின்றன.

பின்வந்த வெளியீடுகளும் உரிமைச் சட்டமும்

2013 நவம்பரில் ‘ஆன் ஏர்’ என்னும் இரண்டாம் தொகுதி வெளிவந்தது. முதல் தொகுதியும் ஒலி திருத்தப்பெற்று மறுபதிப்பானது. அதே ஆண்டு திசம்பரில், 59 தடங்கள் கொண்ட மற்றொரு தொகுப்பு இணையவழி விற்பனைக்கு மட்டும் பெரிய அறிவிப்பு ஏதுமின்றி வெளியிடப்பட்டது. அதில் பெரும்பகுதி 1963ஆம் ஆண்டின் பிபிசிப் பதிவுகளே. இதன் பின்னணியாகப் பரவலாகச் சுட்டப்படுவது ஐரோப்பிய ஒன்றியத்தின் பதிப்புரிமை மாற்றம். வெளியிடப்பட்ட ஒலிப்பதிவுகளின் உரிமைக் காலம் 50 ஆண்டுகளிலிருந்து 70 ஆண்டுகளாக உயர்ந்தது. 50 ஆண்டுகளுக்குள் வெளியிடப்படாத பதிவுகளுக்கு அப்பயன் கிட்டாது. ஆகவே உரிமை கழியுமுன் வெளியிட்டுவிட வேண்டிய தேவை நிறுவனங்களுக்கு ஏற்பட்டது.

இந்நிகழ்வு கட்டுரையின் தொடக்கக் கருத்தை வலியுறுத்துகிறது. 1963இல் இப்பதிவுகள் பிறந்ததற்கு ஓர் உடன்பாடு காரணம். 2013இல் அவற்றுள் பல வெளிவந்ததற்கு ஒரு சட்டம் காரணம். இரண்டுக்கும் இடையில் அவற்றைக் காத்தது நேயர்களின் ஆர்வம். கலை வரலாற்றை எழுதுவோர் கலைஞரின் மேதைமையை மட்டும் நோக்கினால் இம்மூன்றையும் காணத் தவறுவர்.

முடிவுரை

‘லைவ் அட் தி பிபிசி’ ஒரு சிறந்த இசைத்தொகுப்பு. முழுமையான ஆவணப் பதிப்பு அன்று. அதன் தலைப்பு பதிவுமுறையைச் சரியாக உணர்த்தவில்லை. அதன் வரிசை காலத்தை மறைக்கிறது. அதன் தேர்வு பாடவேறுபாடுகளை ஒதுக்குகிறது. குழுவின் முதல் ஆண்டையும் விட்டுவிடுகிறது. இவை அனைத்தும் கேட்போரின் இன்பம் கருதி எடுக்கப்பட்ட முடிவுகள் என்பதையும் ஏற்க வேண்டும்.

இதனின்று ஒலி ஆவணப் பதிப்புக்கான சில நெறிகளை வகுக்கலாம். ஒவ்வொரு பதிவின் நாள், இடம், நிகழ்ச்சி ஆகியவற்றோடு, படி கிடைத்த வழியும் குறிக்கப்பட வேண்டும். வெட்டி ஒட்டிய இடங்களும் இரைச்சல் நீக்கிய இடங்களும் சுட்டப்பட வேண்டும். அமர்வின் முழுமை இயன்றவரை காக்கப்பட வேண்டும். சிதைந்த படி என்பதற்காக வரலாற்றுச் சிறப்புடைய பதிவை விலக்குதல் கூடாது. தனிப் பின்னிணைப்பாகவேனும் அதனைச் சேர்த்தல் வேண்டும். ஏட்டுப் பதிப்பில் நாம் வற்புறுத்தும் இந்நெறிகளை ஒலிப்பதிப்பிலும் வற்புறுத்தாவிடில், இருபதாம் நூற்றாண்டின் இசை வரலாறு விற்பனைக்கு ஏற்ற வரிசையிலேயே அடுத்த தலைமுறைக்குச் சென்று சேரும்.